விமான நிறுவனத்தோடு மல்லுக்கட்டிய அனுபவம் உண்டா? இங்கே கொட்டித் தீருங்கள்

உறையூரான்:

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ள பெற்றோரை அமீரகத்துக்கு அழைத்துப் போனவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. 2022 நவம்பரில் வந்த அறிவிப்பு நினைவிருக்கும்: ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை. சில நாட்களிலேயே, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் மறுபக்கத்தில் இருந்தால் போதும் என்று விளக்கமும் வந்துவிட்டது. அடுத்த கோடை விடுமுறையில் அம்மாவும் நானும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினோம். விசா கையில், டிக்கெட் கையில். திருச்சிக் கவுன்ட்டருக்கு மட்டும் அந்த விளக்கம் வந்து சேரவில்லை.

எனக்கு இனிஷியலை விரித்து எழுதியிருந்ததால் தப்பித்தேன். அம்மாவுக்குக் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. "சிஸ்டம் ஏற்கவில்லை. முழுப் பெயர் என்ன?" என்று கேட்டார் அந்தப் பெண். "அதுதானம்மா முழுப் பெயர்" என்றார் அம்மா. "அதில்லை, முழுப் பெயர்." "பிறந்ததிலிருந்து அதுதானம்மா." இப்படியே மாறி மாறிப் போனது. பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அம்மாவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தாத்தாவின் பெயருக்கு அடியில் விரலை வைத்துக் காட்டினார். பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றிப் படுத்துவிடுகிறவர் எங்கள் தாத்தா. அவர் பெயர்தான் அன்றைக்கு அம்மாவை விமானத்தில் ஏற்றிவிட வேண்டியிருந்தது.

மேலதிகாரி வந்தார், பார்த்தார், தலையசைத்தார், போய்விட்டார். அவ்வளவுதான். ஒரு வருத்தம் தெரிவித்தார்களா என்று கேட்காதீர்கள். போர்டிங் பாஸைக் கொடுக்கும்போது அந்தப் பெண் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது: "அடுத்த முறை பெயரைச் சரிசெய்துகொண்டு வாருங்கள், அம்மா."

மாம்பலத்துக்காரி:

உறையூரான் அண்ணா, உங்கள் அம்மாவாவது ஏறினார். என் பெட்டி ஏறவில்லை.

சித்தி மகள் திருமணம் மெல்போர்னில். கூரைப்புடவை, மாப்பிள்ளை வேட்டி, நலங்குச் சாமான் எல்லாம் சென்னையிலிருந்து என்னோடு வந்தது. நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். மெல்போர்னில் பெட்டிகள் வரும் பட்டை சுற்றிச் சுற்றி வந்து, ஆளில்லாத ஒரு குழந்தை வண்டி மட்டும் மிஞ்சி, அதையும் யாரோ எடுத்துப் போன பிறகு, பட்டையே நின்றுவிட்டது. அந்த நிமிடத்தில் வயிறு என்ன செய்யும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

கவுன்ட்டரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையை நீட்டினார்கள். விதவிதமான பெட்டிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், பக்கத்தில் நிறங்களின் வரிசை. "இதில் உங்களுடையது எது?" அடையாளம் காட்டினேன். உள்ளே என்ன என்ற கட்டத்தில், சிவப்புப் பட்டுப் புடவை 1, வேட்டி 2 என்று எழுதிக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு சிறு பையை எடுத்து, பெரிய உதவி செய்கிற முகத்தோடு கொடுத்தார். பல் துலக்கும் பிரஷ், ஒரு ஜோடி காலுறை, முழங்கால் வரை தொங்கும் ஒரு வெள்ளை டி-ஷர்ட். மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். நான் அந்த டி-ஷர்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

மணப்பெண் தன் பெரியம்மாவின் பழைய பட்டைக் கட்டிக்கொண்டுதான் தாலி ஏறியது. இணையத்தில் பார்க்கும்போதெல்லாம் "தேடல் தொடர்கிறது" என்றே இருந்தது.

நெய்வேலியார்:

குறை சொல்வதாக எண்ண வேண்டாம் அம்மா, ஆனால் கூரைப்புடவையை யாராவது பெட்டியில் போட்டு அனுப்புவார்களா? கைப்பையில் அல்லவா வைக்க வேண்டும்?

என் அனுபவம் சிறியது. புனேயில் இருக்கும் மகனுக்காகக் கொப்பரைத் தேங்காய் கொண்டுபோனேன். பெட்டியைத் திறக்கச் சொல்லி எடுத்துவிட்டார்கள். கொப்பரையில் எண்ணெய்ச் சத்து அதிகம், தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்பது விதியாம். டிக்கெட்டில் அதைத் தமிழில் பெரிதாகப் போட்டால் என்ன கேடு? ஐயப்ப பக்தர்களின் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் வைத்துக்கொள்ள 2024 சபரிமலை சீசனில் தனியாக விலக்குக் கொடுத்தார்கள். அதாவது கேட்டால் கிடைக்கிறது.

இனி எல்லோருக்கும் சில விஷயங்கள். பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதி, பி.ஐ.ஆர். எனப்படும் அந்தத் தாளை வாங்கிவிடுங்கள். அதிலுள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீடுதான் உங்கள் உயிர்நாடி. போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் பெட்டிச் சீட்டைக் கிழித்து எறியாதீர்கள். பெட்டி மூடும் முன் உள்ளே இருப்பதைப் போட்டோ எடுங்கள். பன்னாட்டுப் பயணத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. இந்தியா 2009 முதல் அதில் உறுப்பு நாடு. பெட்டி உடைந்து வந்தால் 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள். 21 நாள் கடந்தும் வரவே இல்லையென்றால் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு); நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அது தானாகக் கொட்டாது, ரசீது காட்ட வேண்டும். உள்நாட்டுப் பயணமென்றால் வரம்பு வெறும் 20,000 ரூபாய். எனவே பட்டோ நகையோ மடிக்கணினியோ உள்நாட்டில் பெட்டியில் போகவே கூடாது. வெளியூரில் அவசரத்துக்கு வாங்கும் மாற்றுத் துணிக்கும் ரசீது வைத்திருங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் அல்ல. பெட்டிக்குள்ளும் ஒரு தாளில் முகவரி எழுதிப் போடுங்கள். வெளியே ஒட்டியது பிய்ந்துபோகும்.

மாம்பலத்துக்காரி:

ஐயா, புடவை கைப்பையில்தான் இருந்தது. சென்னைக் கவுன்ட்டரில் கைப்பையை எடை போட்டு, ஏழு கிலோவுக்கு மேல் போகிறது, ஏதாவது எடுத்துப் பெட்டியில் வையுங்கள் என்றார்கள். தாலியை எடுக்கவா, மாத்திரையை எடுக்கவா? தரையில் உட்கார்ந்து, ஊரே பார்க்க, புடவையை எடுத்துப் பெட்டியில் திணித்தேன். யாராவது அனுப்புவார்களா என்ற கேள்வியை அந்தத் தராசிடம் கேளுங்கள்.

கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தவன்:

இந்த இழை முழுக்கக் கவுன்ட்டரில் நின்றவர்களைத் திட்டுகிறீர்கள். நான் அதற்குள் நின்றவன், இப்போது வேறு வேலை. எங்கள் சீருடையில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். சம்பளம் தருவதோ தரைச்சேவை ஒப்பந்தக்காரர். கைப்பையை ஏன் நிறுக்கவில்லை என்று மேலிருந்து கேட்பார்கள், ஏன் எடை போட்டாய் என்று முன்னால் நிற்பவர் கேட்பார்.

உறையூரான், உங்கள் கதையில் அந்தப் பெண் ஏன் பயந்தார் என்று சொல்கிறேன். ஒரு நாட்டுக்குள் அனுமதி மறுக்கப்படும் பயணியை ஏற்றிவிட்டால், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு விமான நிறுவனத்தின் தலையில். பல நாடுகளில் அபராதமும் உண்டு. அது கடைசியில் யார் மேசைக்கு வரும்? யார் போர்டிங் பாஸ் அடித்தாரோ அவருக்கு. டிமாட்டிக் என்று ஒரு தகவல் தொகுப்பைத்தான் உலகம் முழுக்கக் கவுன்ட்டரில் பார்க்கிறோம். அதில் உள்ள வாசகத்தைத் தாண்டி நாங்களாக ஒன்றும் செய்ய முடியாது. பெயரைச் சரிசெய் என்று சொன்னது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

என்னை உறுத்துவது வேறு. காலை முதல் விமானம். உள்நாட்டுக் கவுன்ட்டர் 60 நிமிடத்துக்கு முன்பு மூடப்படும், உங்களுக்குத் தெரியும். ஒருவர் மூடிய பிறகு ஓடி வந்தார். கையில் பெட்டிகூட இல்லை. "அப்பா தவறிவிட்டார் சார்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போன் செய்தேன். எடைக் கணக்கு முடிந்துவிட்டது, சேர்க்க முடியாது என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே விமானம் நிற்கிறது. படிக்கட்டுகூட விலகவில்லை. அவர் விமானத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். அந்த நேரத்து விலையை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன்.

உறையூரான்:

உள்ளே இருந்தவரே, காரணம் புரிகிறது. ஆனால் விளக்கம் வந்து மாதங்கள் ஆன பிறகும் உங்கள் தொகுப்பைப் படித்துப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு ஒரு கிழவி விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது, இல்லையா?

லாச்சப்பல்வாசி:

நான் பாரிஸில் இருக்கிறேன். கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போனேன், வளைகுடாவில் மாற வேண்டும். பாரிஸிலேயே விமானம் சுணங்கி, அடுத்த விமானம் கைவிட்டுப் போய், ஒரு நாள் முழுக்க அங்கே கிடந்தேன். உணவுக்கென்று கொடுத்த சீட்டுக்கு ஒரு சான்ட்விச்சும் ஒரு போத்தல் தண்ணீரும் கிடைத்தன. இரண்டாவது சான்ட்விச் கேட்ட ஒரு முதியவரிடம், சீட்டில் உள்ள தொகை முடிந்துவிட்டது என்று கடைக்காரப் பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அந்த மனிதர் தன் கையிலிருந்த நாணயங்களை எண்ணிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் உங்களில் எவரும் காசைப் பற்றிக் கதைக்கவில்லையே? ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படுகிற எந்த நிறுவனத்தின் விமானமானாலும் அந்த ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், போய்ச் சேரும் இடத்துக்கு 4 மணி நேரம் அல்லது அதற்கு மேல் பிந்தினால் 600 யூரோ. ஒரே டிக்கெட் என்றால் கடைசி ஊருக்குச் சேர்ந்த நேரம்தான் கணக்கு. நடுவில் மாறிய விமானம் வேறு என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். "தொழில்நுட்பக் கோளாறு, எங்கள் கையை மீறியது" என்று முதல் கடிதம் வரும். வழக்கமான கோளாறு அப்படிக் கணக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. அதை எழுதிப் பதில் அனுப்பினேன், பணம் வந்தது. பிரான்சில் கோருவதற்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு, ஆகவே பழைய டிக்கெட்டுகளையும் தேடிப் பாருங்கள். கமிஷன் வாங்கும் கம்பெனிகளிடம் கொடுக்காதீர்கள், படிவம் ஒரு பக்கம்தான். திரும்பி வரும்போது அதே நிறுவனம் சுணங்கினால் இந்த விதி பொருந்தாது. ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே அதையும் பாருங்கள்.

நீங்கள் எல்லோரும் ஏன் வழக்குப் போடுவதில்லை?

கவுன்ட்டருக்கு உள்ளே இருந்தவன்:

ஏனென்றால் இது பாரிஸ் இல்லை, நண்பரே. இந்திய விதியில் தாமதத்துக்குப் பணம் கிடையாது. சாப்பாடு, 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது பணம் வாபஸ், சில நேரங்களில் ஹோட்டல், அவ்வளவுதான். டிக்கெட்டை அதிகமாக விற்றுவிட்டு ஏற்ற மறுத்தால் பணம் உண்டு. அதற்கும் 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை, அதைத் தாண்டினால் 20,000 வரை. ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட்டால் ஒன்றும் இல்லை.

போகிப்புகை:

தாமதம் என்றதும் 2018 போகிதான் நினைவுக்கு வருகிறது. சென்னையில் அன்று காலை ஓடுபாதை தெரியவில்லை, பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பின. தில்லியிலிருந்து வந்த எங்களைப் பெங்களூரில் இறக்கினார்கள். இறக்கினார்கள் என்றால் விமானத்தை, எங்களை அல்ல. கதவு மூடியே இருந்தது. "விரைவில் புறப்படுவோம்" என்று விமானி சொல்வார், பிறகு சத்தமே இருக்காது, பிறகு மீண்டும் அதே வாக்கியம்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் தள்ளுவண்டி வந்தது. சாப்பாடு கொடுக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் முன்பலகையை இறக்கிவைத்தோம். விற்பனைக்கு! கப் நூடுல்ஸ், உப்புக் கடலை, விலைப்பட்டியல். பக்கத்து இருக்கைப் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டை எடுத்தார்; பணிப்பெண் சில்லறை இல்லை என்றார். வெந்நீர் மட்டுமாவது கொடம்மா என்று பாட்டி கேட்டார். கப் நூடுல்ஸ் வாங்கினால்தான் வெந்நீராம்.

இரட்டை மணி:

புகை போட்டது நாம். டயரைக் கொளுத்திவிட்டு விமானத்தைத் திட்டுவானேன்?

போகிப்புகை:

புகையை நான் திட்டவே இல்லை. புகை, மூடுபனி, மழை என்றால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும். நான் சொன்னது வெந்நீரைப் பற்றி. மறுபடி படியுங்கள்.

வேளச்சேரி அம்மா:

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளை தூங்கி எழுவதற்குள். ஒரே பி.என்.ஆர்., இரண்டு பேர், நானும் ஐந்து வயது மகளும். இணையத்தில் இருக்கை தேர்வு செய்யப் போனால் சும்மா கிடைப்பது எல்லாம் நடு இருக்கை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசையில். 12 வயது வரையுள்ள பிள்ளையைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) 2024 ஏப்ரலில் சொல்லியிருப்பதை அச்சடித்தே கொண்டுபோயிருந்தேன். கவுன்ட்டரில், விமானத்துக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். விமானத்துக்குள், கவுன்ட்டரிலேயே செய்திருக்க வேண்டும் என்றார்கள். ஜன்னலுக்குக் காசு கொடுத்தவர் எழுந்திருக்க மாட்டேன் என்றார். அவர் மேலும் தப்பில்லை, அவர் கொடுத்திருக்கிறார்.

மகள் நான்கு வரிசை முன்னால். பசிக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். பிஸ்கட் பாக்கெட்டை முன்னால் இருந்தவரிடம் கொடுத்தேன். அவர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம், அவர் அடுத்தவரிடம். போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்தது பாதி பாக்கெட், "அம்மாவுக்கு" என்ற செய்தியோடு. நல்ல ஜனங்கள்தான். ஆனால் அந்தப் பெண்பிள்ளை தரையிறங்கும்போது யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரட்டை மணி:

சில நூறு ரூபாய் கொடுத்து இருக்கை வாங்கியிருக்கலாமே, அக்கா.

வேளச்சேரி அம்மா:

வாங்கியிருக்கலாம், தம்பி. பிறகு எதற்கு அந்த விதி? அழகு பார்க்கவா?

மாம்பலத்துக்காரி:

நெய்வேலி ஐயாவுக்கு ஒரு செய்தி. பெட்டி வந்துவிட்டது, திருமணமெல்லாம் முடிந்து நான் சென்னை திரும்பிய பிறகு. பூட்டு உடைந்திருக்கிறது, ஜிப் கிழிந்திருக்கிறது. புடவை இருக்கிறது, நலங்குச் சாமானில் வெள்ளிக் கிண்ணத்தைக் காணோம். ஏழு நாட்களுக்குள் போட்டோவோடு எழுதிவிட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று கம்ப்யூட்டர் பதில் போட்டது. நிறுவனத்தின் தலைமையகம் வெளிநாட்டில். இங்கே வழக்குப் போட முடியுமா?

நெய்வேலியார்:

முடியும் அம்மா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமும் இல்லை. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் வழக்குக்கு 2 ஆண்டுதான் அவகாசம், அதை விட்டுவிடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு ஒரு நோட்டீஸ் விரைவுத் தபாலில் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்திலும் ஒரு புகார் பதிந்து எண் வாங்கிவையுங்கள். உடைந்த பூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கைப்பை விஷயத்தில் நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன்.

மாம்பலத்துக்காரி:

பூட்டு இருக்கிறது ஐயா. கிண்ணத்துக்கு ரசீது சித்தியிடம் இருக்கிறதாம், தேடச் சொல்லியிருக்கிறேன். மனுவைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?